டாகெட்

போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்தபோது, எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் மகள் இடுப்பு ஒடிந்து பிழைத்தாள். அதே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போன ஒரு பெண் இறந்துபோனாள். குடித்திருந்தவனிடம் வண்டியைக் கொடுத்தனுப்பிய எஸ்டேட் முதலாளி மேல் வழக்கு நடக்கிறது.

இறந்த பெண்ணின் அம்மாவைக் கோர்ட்டு வாசலில்தான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, இமைக்காத கண்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதலாளிக்கு எதிரே வந்து நின்று, அவன் கிளம்பும்வரை முகத்தையே பார்ப்பார்.

ஒருநாள் அவன் வக்கீல் சலித்துப்போய், "டாகெட் லேடி" என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "டாக்குன்னா நாய்தானண்ணே? என்னைய நாய்ங்கிறானா?"

"இல்லத்தா. பிடிச்ச பிடிய விடாத ஆளுன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதான்."

கொஞ்சம் யோசித்தார். "நாய்னே இருக்கட்டும்ணே. கவ்வுனா விடாதுல்ல."

சமாதானமாகப் போகச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருந்தான். பயந்துபோய் நானும் தலையாட்டுவதாக இருந்தேன். ஆனால் அடுத்த வாய்தாவில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

இப்போது முதலாளி பின்வாசல் வழியாக வருகிறான். நாங்களும் அங்கேதான் நிற்கிறோம்.