காட்டேரிக்குப் பல் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

பல்செட்காரர் குடியிருந்த கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவர் வீட்டில் தூங்காதது அவர்கள் இஷ்டம். கீழ்வீட்டு டியூஷன் டீச்சருக்கும் சேர்த்துத் தூக்கம் போனதுதான் கொடுமை. எல்லாம் பல்செட்காரர் மனைவியால் வந்தது. பேய்ப் படம் பார்த்தால் ஊரார் பயப்படுவார்கள், அவள் சிரிப்பாள். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரிக்கிற ரகமில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை ஆவென்று திறந்து, தொடையைத் தட்டி, மூச்சு முட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கிறதென்று யாரோ சொல்லப்போக, கட்டிடம் முழுக்க அவளுக்கு வெண்கலக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. டீச்சர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு சீலிங்கைத் தட்டுவார். மேலே தரை டொக் டொக்கென்று அதிரும்.

"டீச்சர் கைதட்டுறாங்க" என்பாள் வெண்கலக்கா. அப்புறம் அதற்கும் ஒரு தவணை சிரிப்பாள்.

அவர்கள் பார்க்கிற படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எடுத்தவனே முழுசாகப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். பேர் தெரியாத ஆட்கள், புரியாத பாஷை. வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் இரும்பு மனிதன் காலில் ரப்பர் செருப்பு போட்டிருப்பான். விண்கலத்தின் கதவு பழைய வாஷிங் மெஷின் மூடியாக இருக்கும். கடலிலிருந்து எழுகிற பூதத்தின் கையில் வாட்ச் கட்டின தழும்பு பளிச்சென்று தெரியும்.

இவற்றைத் தேடிப் பிடித்து வருவது வெண்கலக்காவின் தம்பி. அவன் லிப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் பழைய சாமான் கடை எது கண்ணில் பட்டாலும் நுழைந்து, சிடி பெட்டியைக் கிளறி, அட்டைப்படம் எது மகா மட்டமோ அதை வாங்கி வருவான். இதில் வேடிக்கை என்னவென்றால், பத்து மாடிக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குகிற அந்த ஆள், பேய்ப் படம் ஓட ஆரம்பித்ததும் குஷனை எடுத்து முகத்தை மூடிக்கொள்வான். பாதிப் படத்தைக் காதால்தான் பார்ப்பான். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறமாட்டான்.

பல்செட்காரர் இதற்கெல்லாம் நேர்மாறு. படம் பார்க்க உட்கார்ந்தால் பரீட்சை எழுதுகிற முகம் வந்துவிடும். சிரிக்கவே மாட்டார். கல்யாணமான புதிதில் கிழிந்த சீட்டுள்ள ஒரு தியேட்டருக்கு மனைவியை அழைத்துப்போனார். ஏதோ ஒரு கிரகத்தின் அரசன் செத்துக்கொண்டிருந்தான். பல்செட்காரர் கைக்குட்டையைத் தேடினார். பக்கத்தில் புது மனைவி வெடித்துச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? அவன் சாகுறான்."

"முதுகுல ஜிப் தெரியுதுங்க. அதுவும் பாதிதான் ஏறியிருக்கு."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் தியேட்டரில் இருந்த நாலைந்து பேரும் திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தார். அந்த இருட்டில் அவளுடைய முன்பல் வரிசையும், அதில் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறியிருந்த தெத்துப்பல்லும் தெரிந்தன. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த வாரமும் அதே மாதிரி ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார்.

அதிலிருந்து அதுதான் வழக்கம். அவர் பல்லைப் பார்ப்பார், அவள் துணியைப் பார்ப்பாள். அவர் பல்செட் செய்பவர், அவள் திரைச்சீலைக் கடையில் அளவெடுத்துத் தைப்பவள். "காட்டேரி போத்தியிருக்கிறது ஜன்னல் துணி. மலிவு ரகம், ஒரு தடவை தோய்ச்சா சாயம் போயிடும்" என்பாள். அவர் ரொம்ப விசனத்தோடு, "கோரைப்பல்ல தப்பான இடத்துல வச்சிருக்கான். அது பக்கத்துப் பல்லோட எடம்" என்பார். அவள் சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார். "காசே இல்லாம எப்படியோ ஒரு படத்த முடிச்சிருக்கானே, அதப் பாரு" என்று படம் எடுத்தவனுக்குப் பரிந்து பேசுவார். ஜாடிக்கேற்ற மூடி என்பது இதுதான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பல்செட்காரர் வீட்டிலும் அதே கதை நடந்தது. வெண்கலக்காவுக்கு ஈறில் நோய் வந்து, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. பல் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு மேல்வரிசை முழுவதையும் எடுத்தே ஆகவேண்டும் என்றார். எடுத்தார்கள். ஈறு ஆறியதும் டாக்டரே அளவெடுத்துக் கொடுத்தார். அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிளாஸ்டர் அச்சுகளும் மெழுகு வாசனையுமாக ஒரு சின்ன அறை. அங்கேதான் பல்செட்காரரின் உத்தியோகம். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவர் அலமாரியில் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து, கல்யாண போட்டோவை எதிரே சாய்த்துவைத்துக்கொண்டு, தன் ஆயுளில் காட்டாத அக்கறையோடு ஒரு செட் செய்தார். தெத்துப்பல்லைக்கூட விடவில்லை. அதே இடத்தில் அதே சாய்வில் ஏற்றிவைத்தார்.

மனைவி போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "என் பல்லேதாங்க" என்றாள். பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் நிறுத்தி, "பாத்தீங்களா எங்க வீட்டுல? நான் செஞ்ச செட்டு இதுவரைக்கும் ஒருத்தர் வாயிலேர்ந்தும் விழுந்ததில்ல" என்று அளந்தார். ஆசாமி சும்மா இருந்திருக்கலாம். தன் வாயால் தானே கெட்டார் பாருங்கள்.

பல்லுப் போனா சொல்லுப் போச்சு என்பது பழமொழி. இங்கே சொல் போகவில்லை, சிரிப்புப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வெண்கலக்கா படம் பார்க்க உட்காரவில்லை. தலைவலி என்றாள். அதற்கடுத்த ஞாயிறு துணி மடிக்கவேண்டும் என்றாள். ஒரு தடவை வற்புறுத்தி உட்காரவைத்தார்கள். உதட்டை இறுக்கி, வாய்மேல் கையை வைத்து, சர்க்கார் ஆபீசில் முறை வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ராட்சச நண்டு ஒன்று கயிறு அறுந்து கேமராமேல் விழுந்தது. அதற்கும் அசையவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார் பல்செட்காரர்.

"இல்லையே."

"லூசா இருக்கா?"

"சிக்குன்னு இருக்கு. நீங்க படத்தப் பாருங்க."

அவர் படத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இல்லாத ஒரு விஷயம் நடந்தது. படம் நிஜமாகவே மட்டமாகத் தெரிந்தது. ரப்பர் நண்டு ரப்பர் நண்டாக மட்டும் இருந்தது. இதைப் பார்க்கவா இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தோம் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பை.

ஒருநாள் கீழ்வீட்டு டீச்சரே மாடியேறி வந்துவிட்டார். "உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மேல சத்தமே காணோமே" என்றார்.

"இப்பவாவது நீங்க நிம்மதியா தூங்கலாமே, டீச்சர்."

"எங்கேர்ந்து தூங்குறது? எப்ப சிரிப்பாங்களோ எப்ப சிரிப்பாங்களோன்னு காத்துக்கிட்டே முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

பல்செட்காரர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார். இருக்கிறதிலேயே படுமோசமான படம் எதுவோ அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு வா, உன் அக்கா சிரிக்கவேண்டும் என்று சொன்னார். "மாமா, நானும் என்ன குறையா வச்சேன்?" என்று அலுத்துக்கொண்டான் மச்சான். ஆனால் அக்கா என்றால் அவனுக்கும் உயிர். ஒரு வாரம் அலைந்து, அட்டைகூட இல்லாத ஒரு சிடியைக் கொண்டுவந்தான். மேலே பேனாவால் என்னமோ கிறுக்கியிருந்தது. கடைக்காரரே சும்மா எடுத்துக்கொண்டு போ என்று தள்ளிவிட்டாராம்.

"அக்கா, தனியா பாக்க பயமா இருக்கு. ஒரு அரை மணி நேரம் துணைக்கு உக்காரு" என்று கெஞ்சினான். அது பொய்யில்லை. ஆகவே அவளும் வந்து நடுவில் உட்கார்ந்தாள். மடியில் பாப்கார்ன் கிண்ணம். ஒரு பக்கம் தம்பி குஷனோடு. மறுபக்கம் பல்செட்காரர் பரீட்சை முகத்தோடு.

காட்டேரிப் படம். கோட்டை என்று காட்டியது யாருடைய கார் ஷெட்டோ. கதாநாயகி தூங்குகிறாள். காட்டேரி ஜன்னல் துணியைப் போர்த்திக்கொண்டு பூனைபோல வருகிறது. குனிகிறது. வாயைத் திறக்கிறது. திறந்த வாயிலிருந்து இரண்டு கோரைப்பல்லும் கழன்று, அவள் கழுத்தில் பொத்தென்று விழுந்தன.

வேறு யாராக இருந்தாலும் அங்கே வெட்டிவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். இந்த மகராசன் எடுக்கவில்லை, காசில்லை போலிருக்கிறது. தூங்குகிற கதாநாயகி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். காட்டேரி கொஞ்சமும் பதறாமல் பல்லைப் பொறுக்கியது. ஜன்னல் துணியில் துடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. திருப்பி மாட்டிக்கொண்டு, ஒருமுறை கடித்துச் சரிபார்த்துவிட்டு, கழுத்தைக் கடித்தது.

பல்செட்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவியின் உதடு இறுகியிருந்தது. தோள் குலுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. கை வாய்க்குப் போகப் பார்த்தது, ஆனால் போய்ச் சேரவில்லை. தலை பின்னுக்குச் சாய்ந்தது, வாய் ஆவென்று திறந்தது, யானை வெண்கலக் கடைக்குள் நுழைந்தது.

நுழைந்த வேகத்தில் மேல்செட் முழுதாகக் கழன்று பாப்கார்ன் கிண்ணத்தில் விழுந்தது.

இதைப் பல்செட்காரர் மட்டும்தான் பார்த்தார். மச்சான் வழக்கம்போலக் குஷனுக்குப் பின்னால் இருந்தான். அக்கா பழையபடி சிரிக்கிறாள், இனி பயமில்லை என்று தைரியம் வந்து, முகத்தை மூடியபடியே கையை நீட்டிக் கிண்ணத்தைத் துழாவினான். எதையோ பிடித்தான். அது பாப்கார்ன் மாதிரி இல்லை. ஈரமாக இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பல் வரிசை ஒன்று உள்ளங்கையிலிருந்து அவனைப் பார்த்து இளித்தது. லிப்ட் மெக்கானிக் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஆள் சோபாவின் முதுகின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

வெண்கலக்கா பொக்கை வாயோடு புரண்டு புரண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் விழுந்துவிட்டது.

"போச்சுங்க. உங்க பேரு போச்சு."

"என் பேருக்கு என்ன?"

"யார் வாயிலேர்ந்தும் விழுந்ததில்லன்னு மாடிப்படி பூரா சொல்லிட்டு வந்தீங்களே. கட்டின பொண்டாட்டி வாயிலேர்ந்தே விழுந்துச்சுன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? மொத நாளே சிரிக்கப் போறப்ப லேசா இறங்குச்சு. அதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

தன் வாய்ச்சவடாலுக்காக இந்தப் பெண் இத்தனை நாளும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாளே என்று பல்செட்காரருக்கு நெஞ்சு வெந்தது. அவளைப் பார்த்தார். சோபா முதுகில் செட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற மச்சானைப் பார்த்தார். பின்னால் டிவியில் காட்டேரி இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. எந்தப் படத்துக்கும் சிரிக்காத மனிதர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"காட்டேரியோடதும் விழுந்துச்சு, நான் செஞ்சதும் விழுந்துச்சு" என்றார் மூச்சு வாங்க. "அவன் வெக்கப்பட்டானா? எடுத்து மாட்டிக்கிட்டு வேலையப் பாத்தான்ல?"

பிறகு அவருக்குத் தொழில் மூளை வேலை செய்தது. "ஆமா, டாக்டர் அளவெடுத்தப்ப உன்ன என்னென்ன பண்ணச் சொன்னாரு?"

"ஆ-ன்னு தெற, ஊ-ன்னு குவி, கடி, முழுங்கு."

"சிரிக்கச் சொன்னாரா?"

"அந்த நாற்காலியில உக்காந்து யாருங்க சிரிப்பா?"

அவ்வளவுதான் விஷயம். சிரிக்காத வாய்க்கு அளவெடுத்து, சிரிக்காத வாய்க்கு ஒரு செட். மேலுதட்டையும் ஈறையும் சேர்க்கிற நூல் மாதிரிச் சதை, அவள் சிரிக்கிற அகலத்துக்கு இழுபட்டதும் செட்டின் ஓரத்தை இடித்துத் தள்ளியிருக்கிறது. பல்செட்காரர் செட்டைக் கழுவினார். வீட்டில் வைத்திருந்த ராவித் தேய்க்கிற சின்ன மோட்டாரை எடுத்துவந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், அந்தப் பல்லு விழுற எடத்த மறுபடி போடு."

"மாமா, மறுபடியுமா?"

"போடுடா."

போட்டான். அவள் சிரித்தாள். செட் இறங்கியது. ஓரத்தைக் கொஞ்சம் ராவினார். மறுபடி போட்டான், மறுபடி சிரித்தாள், கொஞ்சம் தாங்கி அப்புறம் விழுந்தது. இன்னும் மயிரிழை ராவி, பஞ்சால் துடைத்து, வாயில் வைத்து அழுத்தினார். மச்சான் தன் விதியை நொந்துகொண்டே ரிமோட்டை அமுக்கினான். அவனும் அந்தக் காட்சியை இத்தனை தடவை பார்த்ததில் பயம் விட்டுப்போய், குஷனைத் தூக்கிப் போட்டுவிட்டிருந்தான். காட்டேரி குனிந்தது. பல் விழுந்தது. துடைத்து மாட்டியது.

வெண்கலக்கா சிரித்தாள். பல்செட்காரர் திரைப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார். தலை பின்னுக்குப் போயிற்று, தொடையில் அடி விழுந்தது, மூச்சு முட்டியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மேல்வரிசை இருந்த இடத்தில் இருந்தது. தெத்துப்பல் அதே சாய்வில், அன்றைக்குத் தியேட்டர் இருட்டில் தெரிந்த மாதிரியே தெரிந்தது.

அப்போது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. டொக், டொக், டொக்.

பல்செட்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர் கைதட்டுறாங்க" என்றார்.

படம் இன்னும் முக்கால்வாசி பாக்கி இருந்தது.