சனிக்கிழமை காலை பத்து மணி

எம்.எஸ்ஸி. முதல் வருஷத்தில் எங்களுக்கு அரை நாள் கணினி, அரை நாள் பெஞ்ச், அதாவது லேப் மேசை. காலையில் மரபணுவை ஏ, டி, ஜி, சி என்று எழுத்துகளாகத் திரையில் பார்ப்போம். மத்தியானம் அதையே ஒரு துளியாகச் சின்னக் குழாயில் வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று தவிப்போம். எனக்குக் கணினிதான் பிடிக்கும். தப்பாய்ப் போனால் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. என் தோழிக்கு பெஞ்ச். அவள் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

நான் மந்தைவெளி. அடையாறில் இருந்த கல்லூரிக்கு பஸ்ஸில் கால் மணி நேரம். அவள் சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஓரத்து வீடு. பி.எஸ்ஸி. முடித்ததுமே வேலைக்குப் போ என்று சொன்ன வீட்டில் ஒரு வருஷம் தவணை கேட்டு வந்திருந்தாள். எங்கள் மேடம் ஒன்று சொல்லியிருந்தார்: குளோனிங் ப்ராஜெக்டை யார் ஒழுங்காக முடிக்கிறார்களோ அவர்களுக்கு அவருடைய லேபில் சம்பளத்தோடு பகுதி நேர வேலை. ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இல்லை. இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

குளோனிங் என்றால் பயந்துவிட வேண்டாம். பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுவை நுழைத்து, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த ஜெல்லித் தட்டில் பரப்பி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைப்பது. மரபணு நுழைந்தவை மட்டும் மருந்தைத் தாங்கி வெள்ளைப் புள்ளிகளாக முளைக்கும். பதினாறு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்தப் புள்ளிகள் தங்களைச் சுற்றியுள்ள மருந்தைச் சிதைத்துவிடும். அந்தத் தயவில் ஒன்றுமில்லாத வெற்றுப் பாக்டீரியாவும் பொடிப்பொடியாக முளைத்துவிடும். பார்க்க நல்ல விளைச்சல் மாதிரியே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டை உள்ளே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நாளிக்கு லாரி வருது மச்சி. வூட்ட இடிக்கப் போறாங்களாம், எங்கள பெரும்பாக்கம் போ சொல்லிட்டாங்க. சாமான் ஏத்தணும். காலீல பத்து மணிக்கு இத மட்டும் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு. வேற ஒண்ணும் வாணாம்."

"இது ஒரு வேலையா? நீ போய் வீட்டப் பாரு" என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் இருந்தேன். அத்தை பெண்ணுக்குக் கல்யாணம். அம்மா எடுத்த புடவையின் பார்டர் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். பார்டர் என்ன நிறம் என்றுகூட இன்றைக்கு நினைவில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் தட்டு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருக்கும்.

ஒரு போன் போட்டிருக்கலாம். 'மறந்துட்டேன்டி.' நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, திங்களன்று பெரிய புள்ளிகளை மட்டும் பார்த்து எடுத்திருப்பாள். நேற்றுத்தான் வீட்டை இழந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குத் திட்டு வாங்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

திங்கள் காலை ஏழரைக்கே போய்த் தட்டை எடுத்தேன். அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்குபேட்டருக்கு ஒரு பதிவேடு உண்டு. யார், எப்போது வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று எழுத வேண்டும். 'சனி, காலை 10' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அவள் இரண்டு பஸ் மாறி, ஒன்பதரைக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மச்சி, எம்மாம் வந்துகீது பாரேன்." ஒட்டாமல் தனியாக நிற்கும் புள்ளிகளைத்தான் எடுக்க வேண்டும் என்பது பாடம். தனியாக நின்றவை எல்லாம் பொடிகள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எடுத்து, மருந்து கலந்த பத்துக் குழாய்களில் விட்டாள். நான் பக்கத்தில் நின்று குழாய்களுக்கு எண் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பத்துக் குழாயும் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன. எதுவும் வளரவில்லை.

மேடம் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சுத்தி இவ்வளவு பொடி வந்திருக்கே, எவ்வளவு நேரம் வெச்சே?" என்று கேட்டுவிட்டு அவரே பதிவேட்டைப் புரட்டினார். "பதினாறு மணி நேரம்தான். டைம் சரியாத்தான் இருக்கு. அப்ப நீ மருந்தைச் சரியா கலக்கலம்மா. இந்தத் தட்டையே நம்ப முடியாது, தூக்கிப் போட்டுடு."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டாள். மேடம் திறந்து வைத்த பதிவேட்டை நான் மூடி வைத்தேன்.

திரும்பச் செய்யலாம் என்றால், மரபணுவை வெட்டி ஒட்டும் என்சைம் தீர்ந்திருந்தது, அடுத்தது வர மாசக்கணக்காகும் என்றார்கள். செமஸ்டர் முடிந்ததும் அவள் வரவில்லை. "இன்னா பண்றது மச்சி, என் கைக்கு இது வரல" என்று போனில் சொன்னாள். என் ப்ராஜெக்ட் எப்படியோ முடிந்திருந்தது, அந்த ஓர் இடம் எனக்குக் கிடைத்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். வருஷாவருஷம் அந்தப் பொடிகளைப் படம் போட்டுக் காட்டுகிறேன். போன மாசம், எப்படியும் சொல்லிவிடுவது என்று பெரும்பாக்கம் போனேன். ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கவுண்டரைத் தாண்டி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"சொல்லுவனே, அது இவதான். எங்க வூடு போன அன்னிக்கு அவங்கவங்க அவங்க சாமானத்தப் பாத்துக்கினு இருந்தாங்க. இவ ஒருத்திதான் லேபுக்குப் போய் என் வேலையப் பாத்தா. கரெக்டா பத்து மணிக்கு. என் கைக்கு ராசி இல்ல, அது வேற."

"அப்படியா அக்கா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.