யார் முகத்தில் விழிப்பான்?

டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்ணைக்கூட "சாப்ட்டியாம்மா?" என்று விசாரிப்பார், சின்னக் காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் போகும் வழியில் சோடாக் கடை வைத்திருந்த அந்த அம்மாள். நெடுநெடுவென்ற உருவம். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலை ஜரிகை நூலால் கட்டியிருப்பார். திரையில் யார் வந்தாலும் நேருக்கு நேர் பேசுவது அவர் வழக்கம்.

ஒரு வருடம், தமிழில் மொழிமாற்றம் செய்த வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்று அவர் கடை டி.வி.யில் புதிதாக வந்தது. முதல் வாரமே, தூரத்து நட்சத்திரத்துக்குப் புறப்பட்ட ஒருவனைக் கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைத்து மூடினார்கள். ஐம்பது வருடத் தூக்கமாம்.

"நல்லா கதை விடறாங்கம்மா" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏம்பா, நம்ம அத்தி வரதரும் குளத்துக்குள்ள அப்டித்தானே படுத்துக்கினு இருக்காரு? நாப்பது வருஷம் ஆனா ஊரே கூடி வெளிய எழுந்தருளப் பண்ணுது. இந்தப் புள்ளைய யாரு எழுப்புவாங்க?"

"மெஷின் எழுப்பும்மா."

"சரி, எழுந்தா யாரு மூஞ்சில முழிப்பான்?"

அடுத்த வாரம் அதைப் பார்க்கவே கடைக்குப் போனேன்.

பெட்டி திறந்தது. ஆளில்லாத விண்கலத்தில் அவன் கண் விழித்தான். அந்த அம்மாள் உடைக்க எடுத்த சோடாவோடு எழுந்துபோய், டி.வி.க்கு நேர் எதிரே நின்றார்.

"வா ராஜா. நான் இருக்கேன்."

அவன் லேசாகச் சிரித்தான். எதைப் பார்த்துச் சிரித்தான் என்று அந்தத் தொடர் கடைசிவரை சொல்லவில்லை.