பார்வையிடும் முன்பே அடித்த அறிக்கை

தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினமும் எனக்கு எதிரே உட்காருவார். ஒல்லியான மனிதர், விரலில் கார்பன் கறை. சட்டமன்றக் குழுக்களின் அறிக்கைகளை டைப் அடிப்பவர். வழியெல்லாம் பேனாவும் கையுமாகப் பிழை திருத்துவார்.

"கீழ்க்கட்டளை ஏரியில சாக்கடை கலக்குதுன்னு மனு கொடுத்தோம். நாளைக்குக் குழு வருது சார்," என்றேன் பெருமையாக.

மடியிலிருந்த தாளைக் காட்டினார். 'குழு ஏரியை நேரில் பார்வையிட்டுத் திருப்தி அடைந்தது.' தேதி மட்டும் காலி.

"இன்னும் பார்க்கவே இல்லையே!"

"எப்பவும் இப்படித்தான் சார். இதை மாத்தணும்னா குழுவுல யாரைப் போடணும், எப்படி நடத்தணும்னு நானே யோசனை எழுதிக் கொடுத்தேன். அதை ஆராய ஒரு குழு போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"குழுக்கள் சிறப்பா நடக்குதாம். அந்த அறிக்கையையும் நான்தான் அடிச்சேன்."

சொல்லிவிட்டு, ஏரி பற்றிய பொய்யில் விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியை அக்கறையாக வைத்தார். அந்த அக்கறைதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.