நிலவறைக்குள் ஒரு வெப்பநாடு

முதலில், இதை அச்சுக் கோர்க்கப் போகும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பது எனக்கும் அந்த இரண்டுக்கும் இடையில் இன்னும் தீராத வழக்கு. பிழைகளைத் திருத்துங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள். வாயால் பேசக் கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் நீண்டுதான் போகும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது குளியலறைக் குழாய். கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தோல் உரிகிற மாதிரி வெந்நீர் கொட்டும். தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் கொதித்துக்கொண்டு கிடக்கும், அதனால். ஹீட்டரை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால்தான் ஆறிய தண்ணீர் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஊரில் குளிர் என்று எழுதியிருந்தால் குளிர். இங்கே சூடு என்று எழுதிய இடத்தில் குளிர். இப்படிப்பட்ட நாட்டில், நிலத்துக்குக் கீழே ஏசி போட்ட அறைக்குள் வெப்பநாடு ஒன்று கட்டித் தரும்படி ஒருவர் கேட்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

கேட்டவர் மிஸ்டர் மார்ட்டின். எங்கள் சைட்டின் எஞ்சினியர், இங்கிலாந்துக்காரர், பனைமரம் போல உயரம். நான் கம்பி கட்டுகிறவன். கொங்கிறீட் போடுமுன் அதற்குள் இரும்புக் கம்பியை வளைத்துக் கட்டுவது என் தொழில். சைட்டில் அந்தக் கம்பிக்கு 'பார்' என்று பெயர். கம்பி என்று யாரும் சொல்வதில்லை. தமிழருக்கும் மலையாளிக்கும் பட்டாணியருக்கும் எல்லாருக்கும் அது பார்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் மதியம் மிஸ்டர் மார்ட்டின் என்னைக் கூப்பிட்டு, "செல்லையா, கேன் யூ மேக் எ பார்? மை ஹவுஸ். பேஸ்மென்ட். வெரி லோ சீலிங்" என்றார்.

கூரை பதிந்திருக்கிறது, கம்பி போட்டுத் தாங்க வேண்டும் என்று நான் விளங்கிக்கொண்டேன். "யெஸ் சேர். பார் சிக்ஸ்டீன்?" என்று கேட்டேன். பதினாறு மில்லிமீற்றர் கம்பியா என்பது என் கேள்வி.

அவர் கையை ஆட்டி, "நோ, நோ, டூ மெனி. எய்ட், டென் இஸ் இனஃப்" என்றார்.

எட்டும் பத்தும் மெல்லிய கம்பிகள். கூரைக்கு அது காணாதே என்று நினைத்தாலும், எஞ்சினியர் சொன்னால் சரிதானே. வெள்ளிக்கிழமை காலையில் அறைத் தோழன் பாண்டியின் பிக்கப்பில் எட்டிலும் பத்திலும் கம்பி ஏற்றி, வளைக்கும் சாவியும் கட்டுக்கம்பிச் சுருளுமாக அல் கூஸ் கேம்பிலிருந்து ஜுமேராவில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் இறங்கினேன். மேடம் வாசலுக்கு வந்து பிக்கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். மிஸ்டர் மார்ட்டின் வந்து கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கேட்டது நண்பர்கள் கூடிக் குடிக்கிற பார். எட்டு, பத்து என்றது ஆட்களை!

பாண்டி ராமநாதபுரத்துக்காரன், டிரைவர், என்னைவிட இளையவன். என் காதோரம் வந்து, "ஏண்ணே, சாராயக் கடைக்கா கம்பி கட்ட வந்தீய? குடிக்கிறவன் விழுந்துருவான்னு பயந்தீயளோ?" என்றான். எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. பூமி ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது. அதற்குள் இறங்கிப் போக ஒரு படிக்கட்டும் இருந்தது.

துபாயில் நிலத்துக்குக் கீழே அறை வைத்த வீடு அபூர்வம். இது முன்பு சாமான் போட்டு வைத்த அறையாம். எனக்கே கை தூக்கினால் கூரை தட்டும். மிஸ்டர் மார்ட்டின் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் நிற்பார். மேடம் ஒரு படப் புத்தகத்தைக் காட்டி, "ட்ரொப்பிக்கல், செல்லையா! ட்ரொப்பிக்கல்!" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. பாண்டியிடம் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லண்ணே. தென்னமரம், ஓலக் குடிசை, கடலு, வெக்கை. உங்க ஊருதான்."

"வெளியில வெக்கை கொளுத்துதே. கதவைத் திறந்து விட்டாக் காணாதோ?"

"அந்த வெக்கை சும்மா வர்றதுண்ணே. இது ஆசைப்பட்டுச் செய்யிற வெக்கை."

நான் அந்த வேலையை ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மேடத்தின் வீட்டு வேலைக்கு இருந்த பெண் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள்; வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் பின்னால் ஓர் அறையும் சும்மா கிடந்தது. ஊரில் என் மனைவி மகேசு தனியாக இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வடமராட்சி கிழக்கில் கடலோரக் கிராமம் எங்களுடையது. அந்த வருடம் ஊர் நிலைமை எப்படி இருந்தது என்று இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆமிக்காரரின் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு பனை வடலிக்குள் போய்ப் படுப்பேன் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளை எப்படியாவது இங்கே எடுப்பித்துவிட வேண்டும். அதற்கு மேடம் ஒரு விசா தர வேண்டும். மேடத்திடம் நான் வாய் திறக்க வேண்டும். அதுதான் நடக்காத காரியமாக இருந்தது.

ஆகவே வாய்க்குப் பதிலாகக் கையை நம்பினேன். கொண்டு போன கம்பிகளை வீணாக்காமல் கூரைக்கு விலா எலும்பு போல வளைத்துக் கட்டினேன். தெருவோரப் பேரீச்சைகளைக் கழித்தபோது கூரையில் வேய என்று பாண்டி ஒரு லோடு மட்டை அள்ளி வந்தான். தென்னோலை போல அது முடைய வளையாது, முள்ளு வேறு. என் கை இரண்டும் பூனை பிறாண்டியது போல ஆயின. பிறகு ஒரு தென்னைமரம் செய்தேன். கம்பியில் உடம்பு, அதன் மேல் கயிறு சுற்றித் தோல். மரம் நிமிர்ந்தால் கூரை இடிக்கும். அதனால் பாதியில் வளைத்துக் கூரையோரமாகவே ஓட விட்டேன். புயலுக்குச் சரிந்த மரம் போல, எஞ்சினியரைப் போலவே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மேடம் அதைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். உயரமான ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்தால் எல்லாருடைய தலையும் ஓலைக்குள் போயிற்று. நான் ஒரே நாளில் அத்தனை ஸ்டூல்களின் காலையும் பாதியாக அறுத்துவிட்டேன். அதன் பிறகுதான் குடிக்கிற மேசை நெஞ்சுக்கு மேலே நிற்பது தெரிந்தது. மேசைக் காலையும் அறுத்தேன். அறுக்கிற கை நிற்காமல் போய், கடைசியில் அந்த வெப்பநாட்டில் எல்லாமே குழந்தைகள் பள்ளிக்கூடம் போல ஆயிற்று. மிஸ்டர் மார்ட்டின் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து பார்த்து, "பெர்ஃபெக்ட்" என்றார். இவர்களுக்கு எது பிடிக்கும் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

"இன்னிக்காவது கேளுண்ணே. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீய?" என்று பாண்டி ஒவ்வொரு நாளும் குத்துவான்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். மேடம் சிப்பி மாலைகளைக் கோத்துக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்தார். இரவெல்லாம் பாண்டியிடம் பாடம் பண்ணியதெல்லாம் பறந்து போய், "மேடம், மை வைஃப் கம் ஹியர், ஓகே?" என்பது மட்டும்தான் வந்தது.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "ஆஃப் கோர்ஸ்! பிரிங் ஹேர்! பிரிங் ஹேர் தேர்ஸ்டே!"

வியாழக்கிழமை பார் திறப்பு விருந்து. அன்றைக்கு விசாக் காரியம் தொடங்குகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். மேடம் சொன்ன அன்று பின்னேரமே கேம்ப் முழுவதும் பாண்டி ஜிலேபி கொடுத்தான். எனக்குக் கால் தரையில் படவில்லை. சைட்டில் என் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு கம்பி கட்டியதைப் பார்த்து, வெயில் தலைக்கேறிவிட்டது என்று போர்மன் என்னை நிழலில் இருத்தித் தண்ணீர் தந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவில் போனார். அவரிடம், "மகேசிட்டைச் சொல்லுங்கோ, ஆடுகளை வித்துப்போட்டு வெளிக்கிட ஆயத்தமாகட்டாம்" என்று சொல்லி விட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. எல்லா வேலையும் முடிந்தும் ஏதோ குறைந்தது போல இருந்தது. நல்ல நாள், விசா தொடங்குகிற நாள். பேரீச்சங் குருத்தைக் கிழித்துத் தோரணம் கட்டத் தொடங்கினேன். ஊரில் நான் தோரணம் கட்டுவதில் பேர்போனவன். ஆனால் கலியாண வீட்டில் அல்ல. அங்கே கதைக்கவும் பகிடி விடவும் தெரிய வேண்டும். நான் பின்னுக்கு நின்றுவிடுவேன். செத்த வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் இருந்து ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தால் போதும். அதனால் சாவுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் தோரணத்தில் ஓலையைக் குருவி போல மடித்து விடுவோம். நல்ல காரியத்துக்குக் குருவியின் தலை மேலே பார்க்கும். சாவுக்குக் கீழே பார்க்கும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து படியிறங்கி வந்து, "லவ்லி, லவ்லி" என்று அண்ணாந்து பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். நாலு சுவருக்கும் நான் கட்டித் தொங்கவிட்ட அத்தனை குருவிகளும் தலைகீழாக நின்றன. பூப்போட்ட சட்டைகளோடு, பாட்டுப் போட்டு, ஒரு செத்த வீட்டுக்குள் எல்லாரும் ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

எனக்கு மகேசுவின் முகம்தான் தெரிந்தது. கூச்சம் எங்கே போனதோ, கட்டுக்கம்பி முறுக்கும் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு குருவியாக அவிழ்த்துப் புரட்டிக் கட்டத் தொடங்கினேன்.

"செல்லையா! வாட் ஹாப்பன்?" என்றார் மிஸ்டர் மார்ட்டின்.

"சேர், திஸ் பேர்ட் டை." தலையைப் புரட்டிக் காட்டி, "நவ் மேரி!" என்றேன். இப்போது கலியாணத் தோரணம் என்று சொல்ல வந்தேன்.

"யெஸ்?" என்று ஒரு பெண்மணி திரும்பினார். அவருடைய பெயர் மேரியாம்.

அவ்வளவுதான். அறை முழுவதும் சிரிப்பு. யாரோ ஒருவர் கை நீட்டி ஒரு குருவியைப் புரட்டி, "மேரி!" என்று கத்தினார். பிறகு எல்லாருக்கும் அது விளையாட்டாயிற்று. கூரை பதிந்திருந்ததால் ஏணி தேவைப்படவில்லை. கையில் கிளாஸோடு, குனிந்தபடி, முழங்காலில் நின்றபடி, "மேரி! மேரி!" என்று வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க் குருவிகளை உயிர்ப்பித்தார்கள். நானும் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கொண்டாட்டத்தின் நடுவில் நின்று நான் கத்தினேன்.

அப்போதுதான் மேடம் வியர்வையோடு வந்து, "பட் வேர் இஸ் யுவர் வைஃப்? ஐ டோல்ட் யூ டு பிரிங் ஹேர்!" என்றார்.

"மேடம், வைஃப் ஜஃப்னா."

"இஸ் தட் நியர் ஷார்ஜா?"

"நோ மேடம். ஸ்ரீலங்கா."

மேடம் சொன்னது, அன்று விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வா என்பது. அவருக்குத் தெரிந்தவரை என் மனைவி இங்கேயே ஏதோ ஒரு கேம்பில் இருந்தாள். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அறுத்த ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து, "மேடம், ஐ ஸே, கோட் செல். ஆல் கோட் செல்" என்றேன். என்ன ஆடு என்று அவருக்குப் புரியவில்லை. மிஸ்டர் மார்ட்டினுக்குப் புரிந்தது. அவர் ரேடியோச் செய்தி கேட்கிறவர். சிரிப்பை நிறுத்திவிட்டு மேடத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். எங்கள் நாட்டின் பெயரும் 'வார்' என்ற சொல்லும்தான் எனக்குக் கேட்டன.

மேடம் என் முன்னால் இருந்த மற்ற ஸ்டூலில் உட்கார்ந்தார். "கேன் ஷீ குக்?"

"வெரி குட் குக், மேடம்."

"டஸ் ஷீ லைக் டோக்ஸ்?"

அவர்களிடம் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் இருந்தது. தெருநாய் தூரத்தில் குரைத்தாலே மகேசு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க மாட்டாள். "டூ மச் லைக், மேடம்" என்றேன்.

மேடம் தன்னிடம் இருந்த ஒரே ஓர் அரபிச் சொல்லை எடுத்துப் போட்டார். "கலாஸ்!" முடிந்தது என்று அர்த்தம். எழுந்து போய் மறுபடி ஆடினார்.

விசா வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. மகேசு வந்து இறங்கிய அன்றைக்கே நாய் அவளை வரவேற்க ஓடி வந்தது. அவள் பாண்டியின் பிக்கப்பில் ஏறி நின்றுகொண்டு, "உங்களுக்கு நாக்கில சனியே! நாய் எண்டு ஒரு சொல்லுச் சொன்னியளோ?" என்று கத்தினாள். "மதினி, இறங்குங்க, அதுக்கு உங்களத் தெரியும், அண்ணன் உங்களப் பத்திச் சொல்லியிருக்காப்ல" என்று பாண்டி கும்பிட்டான். இப்போது அந்த நாய்க்கு அவள் சொல்வது மட்டும்தான் கேட்கும். தமிழில் திட்டினால் படுக்கும். நானும் வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டேன். வேலை மட்டும் அதே சைட்டில்.

போன மாதம் மேடம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய படம் வரவழைத்து நிலவறைச் சுவர் முழுவதும் ஒட்டுவித்தார். கடல். கடல் விளிம்பில் பாதிச் சூரியன். மகேசு விளக்குமாறோடு நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"லைக் யுவர் ஹோம்?" என்று மேடம் கேட்டார். "பியூட்டிஃபுல் சன்செட்!"

"யெஸ் மேடம்" என்றாள் மகேசு. பிறகு என் பக்கம் திரும்பி, "உவ என்ன, பொழுது படுகுது எண்டு சொல்லுறா? விடியுதெல்லே!" என்றாள்.

எங்கள் ஊரில் சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும்பும். இந்த நாட்டில் கடலுக்குள்தான் விழும். படத்தில் இருப்பது எந்தக் கடல் என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் மகேசு தூசி தட்டப் போய், விடியலைப் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். பின்னேரம் மேடமும் விருந்தாளிகளும் அதே சூரியன் மறைவதற்குக் கிளாஸை உயர்த்துகிறார்கள். நான் இரண்டு நேரமும் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அது ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

ஜுமேரா, துபாய்
வெள்ளிக்கிழமை, 14 மார்ச் 1986