அழைத்துப்போக ஆள் வராத வீடு

தலைப்பிள்ளைப் பேறு என்பதால் என்னைப் பம்பாயிலிருந்து அழைத்து வந்தார்கள். அம்மாவும் பெரிய அண்ணனும் ரயிலேறி வந்தார்கள். கட்டுச்சோறும் கண்ணாடி வளையலும் கொண்டு வந்து, இரண்டு கையிலும் அடுக்கி, புருஷன் வீட்டில் யாரிடமும் போய்வருகிறேன் என்று நான் சொல்லிவிடாதபடி வாசலைத் தாண்டவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பேறுகாலத்துக்குப் புறப்படுகிறவள் சொல்லிக்கொள்ளக் கூடாது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கூடாது.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் லாரிகள் கடலை நோக்கிப் போகும், வெறுமையாய்த் திரும்பும். எங்கள் தெரு திரேஸ்புரத்துக்குப் போகிற வழியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. வாசலில் நின்றால் கடல் தெரியாது. தாழ்ப்பாள் துருப்பிடிக்கிற வேகத்தை வைத்து அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நான் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டில் புதுக்குடித்தனம். பீகாரில் கங்கைக்கு வடக்கே ஏதோ ஒரு கிராமம். அவன் துறைமுக வேலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவள் என்னைவிடச் சின்னவள். வகிட்டில் நெற்றி தொடங்குகிற இடத்திலிருந்து சிவப்பைத் தீற்றி, தலையில் முந்தானையைப் போட்டிருப்பாள். எதிரே பெரிய ஆள் யாராவது வந்தால் அந்த முந்தானை மூக்கு வரை இறங்கிவிடும். தெரு அவர்களுக்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தது: இந்திக்காரவுக.

எங்கள் ஊர் புதிய ஆளைப் பார்த்து மிரளுகிற ஊரில்லை. கப்பலில் வந்தவன், உப்பு வாங்க வந்தவன், முத்துக்குளிக்கிற காலத்தில் கரையில் கூடாரம் போட்டு ஏலம் முடியும்வரை கிடந்தவன் எல்லாரையும் பார்த்துப் பழகிய ஊர். வந்து போகிறவனிடம் இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. குடியிருக்க வந்தவனிடம் மட்டும் ஒன்றைக் கேட்பார்கள்: நீ யார் வீட்டுப் பிள்ளை? அதற்குப் பதில் வருகிறவரை காத்திருப்பார்கள். வருஷக்கணக்கில்கூடக் காத்திருப்பார்கள். குழாயடியில் அவள் குடத்தை யாரும் தள்ளிவைக்கவில்லை. அவள் முறை வந்தால் ஒதுங்கி நின்றார்கள். “இன்னைக்கு என்ன கறி?” என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் வணக்கம், தோத்திரம் எல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

அவளுக்கும் வயிறு. என்னுடையதைவிடக் கொஞ்சம் முந்தியது. ஏழாம் மாசத்தில் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வருவார்கள், வந்தால் அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று தெரு நம்பியது. ரயில் வருகிற நேரத்தில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தவர்கள்கூட உண்டு. யாரும் வரவில்லை. எட்டு பிறந்தது. ஒன்பதும் பிறந்தது. குழாயடியில் ஒருத்தி சொன்னாள், “காக்கா கூட வந்து ஓட்டுல உக்காரல பாரு.” மற்றவள், “உக்காராது. ஓடி வந்தவ வீடுன்னு காக்காய்க்கும் தெரியும்லா” என்றாள். சிரித்தார்கள். பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அண்ணாச்சிக்குக் கடற்கரை ரோட்டில் கயிற்றுக்கடை. தோணிக்கு, வலைக்கு, நங்கூரத்துக்கு என்று அளந்து விற்கிறவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன் தங்கச்சி. அந்தப் பிள்ள மொகத்த மறைக்கத நீயும் பாக்கத்தான செய்யுத. நாளைக்கு அங்கேருந்து நாலு பேரு கம்போட வந்து நின்னா யாரு பதில் சொல்லுதது?”

நிறைமாதத்தில் எங்கே போவார்கள் என்று அம்மா கேட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அனுப்புவதுதான் இதைவிடப் பாவம் என்றார் அவர். கொடுமைக்காரர் இல்லை. இரவெல்லாம் யோசித்துவிட்டு வந்தவர் போல முகம் வாடியிருந்தது. அம்மாவும் மேலே எதிர்த்துப் பேசவில்லை. அவர் போன பிறகு தாழ்ந்த குரலில், “பெத்தவ ஒருத்தி இருந்தா வராம இருப்பாளா?” என்றாள். அவளும் அதையேதான் நம்பினாள்.

கிரேன்காரன் வேலை முடிந்து ஒவ்வொரு தெருவாய் வீடு தேடி அலைந்ததை நான் பார்த்தேன். தமிழில் அவனுக்கு ‘வீடு’, ‘வாடகை’, ‘உண்டா’ இவ்வளவுதான். நிறைமாதப் பெண்ணைப் புதுசாகக் குடிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்த ஊரில் அவள் எந்தக் கூரைக்குக் கீழே பெறுவாள் என்பது யாருக்கும் தெரியாத விஷயமாகிவிட்டது. அவளுக்கும்தான்.

பம்பாயில் இரண்டு வருஷம் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் இந்தி வந்திருந்தது. குழாய்ச் சண்டையிலும் காய்கறிக்காரனிடமும் பொறுக்கிய இந்தி. அங்கே நான்தான் வந்தேறி. ‘மதராசி’ என்பார்கள், என் ஊருக்கும் மதராஸுக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. அம்மா என்னிடம் சொன்னாள்: “ஏளா, ஒனக்குத்தான் அந்தப் பாஷை தெரியும்லா. அவளுக்கு ஆருமே இல்லையான்னு ஒரு வார்த்தை கேளு.”

எங்கள் கொல்லைகளுக்கு நடுவே இடுப்புயரச் சுவர். நடுப்பகல். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டால் எப்போதுமே அவள் கண் கனிந்துவிடும். ஒருநாள் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி என் தலையைத் தடவிவிட்டு, ஊறுகாய் மாங்காய்த் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூடினாள். இரண்டு வயிற்றுக்காரிகளுக்குள் இருக்கிற ஒட்டு என்று நான் நினைத்திருந்தேன்.

கேட்டேன். அம்மா இல்லையா? அப்பா? ஏன் யாரும் உன்னை அழைத்துப்போக வரவில்லை?

அவளுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள் என்றாள். அம்மா, அப்பா, மூன்று அண்ணன்மார், எருமைகள். அவர்கள் எதற்கு வரவேண்டும்? பிள்ளை புருஷன் வீட்டுப் பிள்ளை. அது புருஷன் வீட்டில்தான் கண் திறக்கவேண்டும். மகளை அழைத்துவந்து பெறவைத்தால், கட்டிக்கொண்ட வீட்டில் அவளுக்குச் சோறில்லை என்று ஊர் பேசும். மாமியார் இருந்திருந்தால் வந்து பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் செத்து நாளாகிறது. அப்பாவா? மகளைக் கொடுத்த வீட்டில் அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், அவர் வந்து இங்கே எப்படித் தங்குவார்?

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளும் இவ்வளவு நாளாக ஒரு கேள்வியை வைத்திருந்தாள் போல.

“உன்னை ஏன் துரத்திவிட்டார்கள்? அடித்தார்களா?”

நான் திரும்பினேன். ஆட்டுக்கல் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள், கை முழுக்க மாவு. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சொன்னேன். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அப்போ இத்தன நாளும் ஒன்னயப் பாத்து அவ பாவப்பட்டுருக்கா” என்றாள், வெகு மெதுவாக.

அன்றைக்கே போய் அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெற்ற அப்பன் மகள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டான் என்றால் அது எந்த ஊர் வழக்கம், கதைக்கு நன்றாக இருக்கிறது என்றாராம். குழாயடியும் அதையேதான் சொன்னது. கண்ணால் பார்க்காத ஊரை எப்படி நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து தெரு முழுக்க வாசலில் நிற்கிற வேளை. அம்மா கோயிலுக்குக் கட்டின சேலையை மாற்றவில்லை. தட்டில் வளையல், பூ, மூன்று வகைச் சோறு. எல்லாரும் பார்க்கப் பக்கத்து வீட்டுப் படியேறினாள். பிறந்த வீடாக நாமே நின்று அவளை நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் தெருவுக்கும் வாயடைபடும், பிள்ளைக்கும் ஒரு கூரை ஆகும் என்பது அம்மாவின் கணக்கு. நான் பின்னாலேயே போய் அவளுக்கு இந்தியில் சொன்னேன்.

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். முடியாது என்று தலையாட்டினாள். உங்கள் வீட்டில் பிறந்தால் என் பிள்ளைக்கு வீடில்லை என்று ஆகிவிடும் என்றாள். அழவில்லை. பிடித்த கையை விடவுமில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தட்டோடு அம்மா திரும்பினால் எல்லாம் முடிந்தது: அழைத்தும் வராதவள், கூப்பிட வீடில்லாதவள். அந்த நேரத்தில் காற்றுகூட நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் காற்று வீசிக்கொண்டிருந்தது, தட்டிலிருந்த பூ பறந்து ஓடைக்குள் விழுந்தது.

அம்மா தட்டை வாசற்படிக்கு உள்ளே இறக்கி வைத்தாள். தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

“மக வரமாட்டேங்கா. அதான் தாயி வந்திருக்கேன்.”

உள்ளே போய் அவளை உட்காரவைத்து வளையல் அடுக்கினாள். அன்று மாலை எங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் பாயும் தலையணையும் அங்கே போயின.

எங்கள் பக்கத்திலும் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் கிடப்பது கௌரவம் இல்லை. அதைக்கூடத் தெரு மன்னித்திருக்கும். அம்மா அதற்கு மேலே ஒன்று செய்தாள். அந்த வீட்டில் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. முதல் நாள் அந்தப் பெண் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாளாம். அம்மா வேண்டாம் என்று கையசைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன செம்பைக் காட்டினாளாம். அந்தப் பெண் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தாள் என்று அம்மா பிறகு சொன்னாள். காலையும் மாலையும் செம்பைத் தூக்கிக்கொண்டு அம்மா தெருவில் போனாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், “மக வீட்டுல தண்ணி குடிக்கப்பிடாதுல்லா. எங்க வழக்கம்” என்றாள். எங்க என்றுதான் சொன்னாள். சொல்லிக் கேட்டபோது நம்பாத தெரு, ஒருத்தி தாகத்தோடு அதைச் செய்வதைப் பார்த்தபோது நம்பத் தொடங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. நான் வந்திருப்பது என் அம்மாவிடம். அவளோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். சுவரில் தட்டுவேன். அவள் திருப்பித் தட்டுவாள்.

ஒரு நடுப்பகலில், கல் லாரிகள் வரிசையாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது, அவளுக்கு அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சிக்கு வெந்நீர் போட அண்ணாச்சியின் சம்சாரம் தானாகவே வந்து அடுப்பு மூட்டினாள். துறைமுகத்திலிருந்து ஓடிவந்த புருஷன்காரன் தெருவில் நின்றான். யாரோ அவனுக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். குழாயடிக்காரி ஒருத்தி படியேறி எட்டிப்பார்த்து, “ஆத்தா, அப்பன் மூக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாசம் முடிந்தது. அண்ணாச்சி காலி பண்ணு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பேசாமலிருக்கிறவர் எந்த நாளிலும் பேசிவிடலாம். அவன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கயிற்றுக்கடைப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

நானும் பெற்று எழுந்தேன். அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு சிக்கல். பிறந்த வீடு என்று நின்றுவிட்டால், தாயையும் பிள்ளையையும் சீரோடு புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். இவளோ அந்த வீட்டை விட்டு இறங்கவே இல்லையே. அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் என்று அவளையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள். சாயங்காலம் தொட்டில் சேலை, பால்செம்பு, பிள்ளைக்குத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து பார்த்தேன். அடுத்த வாசலுக்குப் போவதற்கு அவர்கள் தெருவின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்கள். போகப்போக ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருத்தி இறங்கிச் சேர்ந்துகொண்டாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

நானும் பிள்ளையோடு எழுந்து பின்னால் போனேன். படியேறியபோது உள்ளே அண்ணாச்சி ஸ்டூல் மேல் நின்றிருந்தார். வாடகைக்காரர் சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் சண்டைக்கு வருகிறவர், தன் கையாலேயே விட்டத்தில் தொட்டிலுக்கு இரும்பு வளையம் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முந்தானையை மூக்கு வரை இறக்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்தே, “கயிறு கடையிலேருந்து வரும். பழசு கிழசு போட்டுக் கட்டிராதீங்க” என்றார். பிறகு அந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, தன் முழுப் பாரத்தோடும் தொங்கிப் பார்த்தார்.