வராவிட்டால் ஒன்றுமில்லை

ராஜினி வாய்க்காரி. அதைச் சொல்லாமல் அவளுடைய கதையைத் தொடங்க முடியாது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியேறிய ஊர் ஒன்று, மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் இருக்கிறது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். மாதர் சங்கத் தலைவி. பஸ் வராவிட்டால் டிப்போவுக்குப் போன் போட்டுக் கிழிப்பவளும் அவள்தான், கையெழுத்துக்கு இழுத்தடிக்கும் அரசாங்கக் கந்தோர் வாசலில் போய்க் குந்துபவளும் அவள்தான். இப்படிப்பட்ட ஒருத்தியை இன்னொருத்தி மூன்று வருடமாக ஏமாற்றினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஏமாற்றினாளே!

வந்தவள் பெயர் மேனுகா. சிறுநீரக வருத்தத்தைப் பற்றி ஆராயும் குழு ஒன்றுக்குப் பொறுப்பானவள். சீனி வருத்தமும் இல்லாமல், பிரஷரும் இல்லாமல், வயலில் நிற்கிற மனிதர்களுக்கு ஏன் சிறுநீரகம் பழுதாகிறது? கிணற்றுத் தண்ணீரா, வெயிலா, வயலுக்கு அடிக்கிற மருந்தா? அதைக் கண்டுபிடிக்க நூற்றுப் பன்னிரண்டு பேரின் இரத்தமும் சிறுநீரும் வேண்டும் என்றாள். நல்ல காரியம்தானே. ராஜினி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆனால் ஊர்ச்சனம் லேசில் கையை நீட்டுமா? பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போட்டு, ஊசி எடுத்து வைத்து, ஒன்பது மணியாகியும் ஒரு குஞ்சு அசையவில்லை. ராஜினி நேரே வயலுக்குப் போய், புருஷன் ரூபனைச் சேற்றுக் காலோடு இழுத்துக்கொண்டு வந்து முதல் கதிரையில் இருத்தினாள்.

"இந்தா, என்ர மனுசன். முதல் இவருக்குக் குத்துங்கோ. செத்து விழுறாரோ எண்டு எல்லாரும் பாக்கட்டும்!"

மண்டபமே சிரித்தது. ரூபனும் சிரித்தான். குழாயில் ஒட்டுகிற துண்டில் இலக்கத்தையும், ஒரு கொப்பியில் அதற்குரிய பெயரையும் ராஜினிதான் எழுதினாள். ரூபனுக்கு இலக்கம் ஒன்று. மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது.

"முடிவு எங்களுக்கும் வருமோ, பிள்ளை?" என்று கடைசிக் கதிரையிலிருந்த பழனியாண்டி கேட்டார்.

"வரும் ஐயா. எல்லாருக்கும் வரும்," என்றாள் மேனுகா.

வரவில்லை. ஒரு மாதம் போனது, ஆறு மாதம் போனது. ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை. ஏன் என்று வன்னிச் சனத்தைக் கேட்டால் தெரியும். மலேரியா ஆடிய காலத்தில் விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். கிருமி இருந்தால், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்து, குளிசையைக் கையில் தந்து, விழுங்கும் மட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஒருவரும் வராவிட்டால் ஒன்றுமில்லை, வேலையைப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தில் ஊர் இதையும் விளங்கிக்கொண்டது. இரத்தம் எடுத்தவர்கள் பேசாமல் இருந்தால் உடம்பு நல்லம்.

மேனுகா ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்து மறுபடி இரத்தம் எடுத்தாள். மத்தியானச் சாப்பாடு ராஜினி வீட்டுக் குசினியில்தான். ரொட்டியும் சம்பலும் என்றால் அவளுக்கு உயிர். சாப்பிட்டுக் கைகழுவியதும் ரூபனுக்குப் பக்கத்தில் போய் இருப்பாள்.

"அண்ணை, கால் வீங்குதோ? சாப்பாட்டில மனம் இருக்கோ? களைக்குதோ?"

கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதுவாள். ராஜினிக்கு மனம் உருகிவிடும். கூடப்பிறந்ததுகள்கூட இப்படி விசாரிக்காதுகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள்.

இரண்டாம் வருடம் ரூபனுக்கு உண்மையாகவே கால் வீங்கியது. பெருவிரலால் அமத்தினால் குழி விழுந்தது.

"ஒருக்காப் பெரியாஸ்பத்திரிக்குப் போட்டு வருவமோ?" என்று கேட்டான்.

"சும்மா இருங்கோ. நாள் முழுக்க வெயிலுக்குள்ள நிண்டா வீங்கும்தானே. உங்கட இரத்தம் நல்லம். ஏதும் இருந்தா மேனுகா வாயை மூடிக்கொண்டு இருப்பாவோ?"

ராஜினியோடு வாய்கொடுத்து வென்றவர் அந்த ஊரில் இல்லை. மூன்று தரம் கேட்டான், மூன்று தரமும் அவள் அதையே சொன்னாள்.

போன மாசியில் நெல் அரிவி வெட்டு நேரம், வரம்பில் அப்படியே சரிந்து விழுந்தான். இரண்டு சிறுநீரகமும் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டன, கிழமைக்கு இரண்டு தரம் மெஷினில் இரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள் பெரியாஸ்பத்திரியில்.

"முந்தியே தெரிஞ்சிருந்தா மருந்தோட கனகாலம் இழுத்திருக்கலாம்," என்றார் டொக்டர். "இதுக்கு முதல் இரத்தம் சோதிக்கேல்லையோ?"

"சோதிச்சது டொக்டர். எல்லாம் நல்லம்."

"ஆர் சொன்னது?"

ராஜினி வாயைத் திறந்தாள். சொல்ல ஒரு பெயர் கிடைக்கவில்லை. சோதித்த பிறகு வந்த வருத்தமாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வவுனியாவில் ஆய்வு முடிவுகளைச் சொல்லும் கூட்டம். உதவி செய்ததற்கு ராஜினிக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள் என்று மேனுகா அழைத்திருந்தாள். ரூபன்தான் போகச் சொன்னான். ஊரில் காட்டலாம் என்று, திரையில் வந்ததையெல்லாம் ராஜினி போனில் படம் பிடித்தாள். மேனுகா மைக்கில் பேசினாள். முதல்நாள் எடுத்த இரத்தத்திலேயே பதினொரு பேருக்குச் சிறுநீரகப் பழுது தெரிந்ததாம். ஒருவருக்கும் அறிவிக்காமல், மருந்து எதுவும் படாமல், அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று மூன்று வருடம் பார்த்தார்களாம். இதுவரை இங்கே இப்படி யாரும் பார்த்ததில்லையாம். திரையில் பதினொரு இலக்கங்கள். முதல் வரியில் இலக்கம் ஒன்று, ரூபனுடையது. அதற்கு நேரே ஆறு மாதத்துக்கு ஒரு கிரியேட்டினின் தொகை, ஏறி ஏறிப் போயிருந்தது. சிறுநீரகம் பழுதாகப் பழுதாக இரத்தத்தில் கூடுகிற கழிவு அது, எவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த நாட்கள் ராஜினிக்குப் படிப்பித்திருந்தன. சபை கைதட்டியது.

தேத்தண்ணி நேரம் மேனுகாவைப் பிடித்தாள்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமோ?"

மேனுகா கோப்பையை வைத்தாள். "தெரியும் ராஜினி. சொல்லியிருந்தா அவையள் கிணத்தை மாத்தியிருப்பினம், மருந்து எடுத்திருப்பினம். பிறகு என்னத்தைப் பாக்கிறது? இந்த முடிவால நாளைக்கு ஆயிரம் பேர் தப்புவினம்."

"என்ர வீட்டில சாப்பிட்டனீங்கள்."

"அது வேற, இது வேற."

"அண்ணை, கால் வீங்குதோ எண்டு கேட்டது?"

"அது எல்லாரிட்டையும் கேக்கிற கேள்வி."

அட பாவி! அன்பு என்று நினைத்து ஊரெல்லாம் பீற்றித் திரிந்தாளே! அந்த முகத்தில் சுடு தேத்தண்ணியை ஊற்ற வேண்டும் போல இருந்தது. ஊற்றவில்லை. சான்றிதழை அவள் காலடியில் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்தநாள் காலை, பழைய பெயர்க் கொப்பியை எடுத்து, போனிலிருந்த இலக்கங்களோடு ஒத்துப் பார்த்தாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனாள். முதல் வீடு பழனியாண்டியினுடையது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று சொல்லி முடிக்க முன்னமே அவர் மனைவி தங்கம்மா எழும்பிவிட்டாள்.

"மூண்டு வருசம் தெரிஞ்சுகொண்டே இருந்தியாடி?"

"எனக்கு நேற்றுத்தான் தெரியும் அக்கா, சத்தியமா!"

"உன்ர வீட்டில திண்டவள் உனக்குச் சொல்லேல்லையோ? ஆருக்கு விடுறாய் கதை!"

பத்து வீட்டிலும் அதே கேள்விதான். ஒருத்தி வாசல் தட்டியை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாள். தன்வீட்டுக்கு ராஜினி கடைசியாகத்தான் வந்தாள். ரூபன் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். நிலத்தில் இருந்து, ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மேனுகாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரூபன் அவளை அழவிட்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அவ வந்து இரத்தம் எடுத்தவ. நல்லம் எண்டு ஒரு நாளும் சொன்னவவோ?"

ராஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூண்டு தரம் உன்னைக் கேட்டனான். நல்லம் எண்டு சொன்னது நீதான்."

அவள் அவனுடைய காலைப் பிடிக்கப் போனாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் தனியப் போறன். நீ வரவேண்டாம்."